மூணு மீட்டர் கேபிள்

அழலைங்கம்மா. மூக்கு ஒழுகுது, அவ்வளவுதான். நாலாவது மாடியில் ஏசியை அப்படி வச்சிருக்காங்க.

இங்க உட்காரலாமா? உங்க பை இருந்ததால கேட்டேன். இல்லைங்க, எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லை. யாரையும் பார்க்கவும் வரலை. ஒரு ஆளோட வேலை போகிற மாதிரி மேல ஒரு வார்த்தை சொல்லிட்டு இப்பத்தான் இறங்கி வர்றேன். படியிலதான் வந்தேன். லிஃப்ட்ல வந்தா யாராவது பார்ப்பாங்க.

அப்படிப் பார்க்காதீங்க. நான் கெட்டவ இல்லை. எதையும் மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவேன், அதுதான் எங்கிட்ட இருக்கிற ஒரே பிரச்சினைன்னு எங்கம்மா சொல்லும். பன்னெண்டாவது ரிசல்ட் வந்த அன்னிக்கே சொல்லிட்டேன், காலேஜ் எல்லாம் எனக்கு ஆகாது, மூணு வருஷம் ஒரு பெஞ்சில உட்கார என்னால முடியாதுன்னு. உடுமலைப்பேட்டையிலிருந்து கோயமுத்தூர் வந்து கந்தவேல் அண்ணன் கம்பெனியில் சேர்ந்தேன். கேபிள் போடுற கம்பெனி. பேரு சுபிக்ஷா. உங்க டோக்கன் எத்தனை? நாப்பத்தி ரெண்டா? வீட்டுக்காரருக்காக வந்திருக்கீங்களா? இப்பத்தான் இருபத்தஞ்சு கூப்பிட்டாங்க. நிறைய நேரம் இருக்கு. சொல்றேன்.

உங்க வீட்டுக்காரருக்கு ஸ்கேன் எடுத்தா அந்தப் படம் டாக்டர் மேசை கம்ப்யூட்டருக்குள்ள இருக்குன்னுதானே நினைப்பீங்க? அங்க இல்லைங்க. நமக்குக் கீழ ஒரு தளம் இருக்கு. அங்க ஒரு ரூம். ரூமுக்குள்ள ஆளுயரத்துக்கு மூணு இரும்பு அலமாரி. ரேக்னு சொல்லுவோம். அதுல ஒரு ரேக்கோட அடியில் ஒரு பெரிய பெட்டி. ஸ்டோரேஜ். இந்த ஆஸ்பத்திரியில் ஆறு வருஷமா எடுத்த ஸ்கேன், ரத்த ரிப்போர்ட், யாருக்கு எந்த மருந்து ஆகாது, எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளதான். டாக்டர் பட்டனைத் தட்டினா அங்கிருந்துதான் வரணும். வர்ற வழியில் ரெண்டு ஸ்விட்ச். லைட் போடுற ஸ்விட்ச் இல்லை. நாப்பத்தெட்டு ஓட்டை வச்ச தட்டையான பெட்டி. எந்த ஓட்டையிலிருந்து எந்த ஓட்டைக்குக் கேபிள் போகணும்னு ஒரு டிராயிங் போடணும். அதைப் போட்டது நான். எங்க கம்பெனியில் டிப்ளமா படிச்ச ரெண்டு அண்ணன்க இருந்தாங்க. அவங்க ஒரு டிராயிங்கை நாலு நாள் தேய்ப்பாங்க. நான் ஒரு மத்தியானத்தில் முடிச்சிடுவேன்.

முன்னாடியெல்லாம் சாதாரண நெட்வொர்க்குக்கு ஒரு கேபிள், ஸ்டோரேஜுக்குத் தனியா ஒரு கேபிள்னு ரேக் பின்னாடி சேமியா கொட்டின மாதிரி கிடக்கும். இப்ப ரெண்டையும் ஒரே கேபிளில் விடுறது. மெயிலும் அதில்தான் போகும், ஸ்கேனும் அதில்தான் வரும். பாதி கேபிள் மிச்சம். பார்க்கவும் அழகா இருக்கும். ஆனா அதில் ஒரு வில்லங்கம் இருக்கு. நெட்வொர்க் ஆளுங்களுக்கு ஒரு பழக்கம், ரெண்டு ஸ்விட்ச் இருந்தா ரெண்டையும் ஒரு கேபிளால ஒண்ணோடொண்ணு கட்டிப் போடுவாங்க. ஸ்டோரேஜ் ஆளுங்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது. ரெண்டு வழியும் தனித்தனியா போகணும், எங்கேயும் முட்டக்கூடாது, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு ஓடணும்பாங்க.

இங்க ஸ்டோரேஜ் பார்க்கிறவர் நெல்லையப்பன் சார். ஆஸ்பத்திரி ஆளு. அவரைத்தான் மேல விசாரிக்கிறாங்க.

எனக்கு அவரைப் பிடிக்காதுங்கம்மா. முதல் நாளே பிடிக்கலை. கழுத்தில் ஒரு கண்ணாடி, சட்டைப் பையில் ஒரு கண்ணாடி. நான் ஒட்டுற லேபிளை எல்லாம் குனிஞ்சு பார்ப்பார். "ஏம் பிள்ள, இது நேராவா இருக்கு?" "நேரா இல்லைன்னா கரண்ட் கோணலா போயிடுமா சார்?"னு கேட்டேன். கூட இருந்த பசங்க சிரிச்சிட்டாங்க. அவர் சிரிக்கலை. நகத்தால லேபிளைச் சுரண்டி எடுத்து என் கையில் கொடுத்தார். "திரும்ப ஒட்டு."

டிராயிங்கைக் காட்டினப்பவும் அப்படித்தான். ஸ்டோரேஜுக்குள்ள போக வர ரெண்டு வாசல் மாதிரி இருக்கும், கண்ட்ரோலர்னு பேரு. "ஸ்டோரேஜுக்கு ரெண்டு கண்ட்ரோலர் இருக்கு. இடதும் வலதும். இடது, ஒண்ணாம் ஸ்விட்சுக்கு மட்டும். வலது, ரெண்டாம் ஸ்விட்சுக்கு மட்டும். ஒண்ணு மூஞ்சிய ஒண்ணு பார்க்கப்பிடாது."

"மாமியாரும் மருமகளுமா சார்?"

"அப்படியே வச்சுக்கோ. ஒரு வீட்டுல இருந்தாலும் தனித்தனி அடுப்பு."

டிராயிங்கில் நான் தப்புப் பண்ணலை. அவர் சொன்னபடியே அழகா ரெண்டு வழி. சிவப்பு ஒண்ணு, நீலம் ஒண்ணு. இன்னிக்கு மேல மேசை மேல அதைத்தான் விரிச்சு வச்சிருந்தாங்க. தப்பு நீளத்தில்.

அந்தக் கேபிளை நம்ம இஷ்டத்துக்கு வெட்டி ஒட்ட முடியாது. ரெண்டு பக்கமும் தலை வச்சே வரும். ஒரு மீட்டர், மூணு மீட்டர், அஞ்சு மீட்டர், அப்படித்தான் கிடைக்கும். ஸ்டோரேஜும் ஒண்ணாம் ஸ்விட்சும் ஒரே ரேக்கில். ரெண்டாம் ஸ்விட்ச் அந்தக் கடைசி ரேக்கில். நான் கண்ணாலேயே அளந்தேன். இங்கிருந்து அங்க ரெண்டு மீட்டர்தானே, மூணு தாராளம்னு நாலு கேபிளுக்கும் மூணுன்னே எழுதிட்டேன். கேபிள் காக்கா மாதிரி நேரா பறந்தா போகும்? ரேக் உச்சிக்கு ஏறணும், மேல இருக்கிற தட்டு வழியா போகணும், அந்தப் பக்கம் இறங்கணும். மாட்டுறப்ப பார்த்தா வலது பக்கத்துக் கேபிள் ரெண்டும் ஒரு கை நீளம் பத்தலை. இழுத்துப் பார்த்தேன். ரப்பரா என்ன, நீள?

அஞ்சு மீட்டர் வர பத்து நாள் ஆகும்னு கடையில் சொல்லிட்டாங்க. மறுநாள் காலையில் ஒப்படைக்கணும். கந்தவேல் அண்ணன் போன் மேல போன். "பாப்பா, முடிச்சிட்டியா, முடிச்சிட்டியா?" அந்த ரெண்டு கேபிளையும் ஒண்ணாம் ஸ்விட்சிலேயே சொருகினேன். தற்காலிகமா. லேபிள் மட்டும் டிராயிங்கில் இருக்கிறபடி 'ரெண்டாம் ஸ்விட்ச்'னு ஒட்டினேன். நேராத்தான் ஒட்டினேன்.

எல்லாம் வேலை செஞ்சது, அதுதான் கேடு. ரெண்டு ஸ்விட்சையும் நெட்வொர்க் ஆளுங்க கட்டிப் போட்டிருந்தாங்களே, ரெண்டாம் ஸ்விட்சுக்கு வர்றதும் அந்தக் கட்டு வழியா ஒண்ணாம் ஸ்விட்சுக்குப் போய், அங்கிருந்து ஸ்டோரேஜுக்குப் போயிடுச்சு. கம்ப்யூட்டர் திரையில் ரெண்டு வழியும் பச்சை. உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். உங்க ஊருக்கு ரெண்டு பஸ் இருக்குன்னு தைரியமா இருக்கீங்க. ஆனா ரெண்டு பஸ்ஸும் ஒரே பாலத்து மேல ஏறித்தான் போகுது. பாலத்தை அடைக்கிற வரைக்கும் அது யாருக்குத் தெரியும்?

எனக்குத் தெரியும். தெரியாதுன்னு சொன்னா பொய்.

ஒப்படைக்கிறப்ப ஒரு ஃபாரம் இருக்கு. அதில் ஒரு வரி, ஒவ்வொரு ஸ்விட்சா நிறுத்திப் பார்த்தாச்சான்னு. நெல்லையப்பன் சார் அதைக் கூட இருந்து பார்க்கிற ஆளு. அன்னிக்குன்னு பெரிய டாக்டர் ரூமில் மவுஸ் வேலை செய்யலைன்னு கூப்பிட்டாங்க. மவுஸ்! ஸ்டோரேஜ் பார்க்கிறவரை மவுஸ் பார்க்கக் கூப்பிடுற ஆஸ்பத்திரி இது. போகிற அவசரத்தில் ஃபாரத்தைச் சுவரில் வச்சுக்கிட்டு, "நிறுத்திப் பார்த்துட்டியா பிள்ள?"ன்னார்.

"பார்த்தாச்சு சார்."

என் மூஞ்சியை ஒரு நிமிஷம் பார்த்தார். "நீ சொன்னா சரி"ன்னு கையெழுத்துப் போட்டார். எட்டு மாசமா என் லேபிளையே நம்பாத மனுஷன்! அன்னிக்குப் போய் நம்பினார் பாருங்க. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அஞ்சு மீட்டர் கேபிள் வந்தது. பத்து நாளில்லை, ஒன்பதாம் நாளே வந்தது. என் பையிலேயே கிடந்தது. நாலு மாசம். சோம்பல் இல்லைங்கம்மா. ஒப்படைச்ச ரேக்கைத் தொடணும்னா அவர்கிட்ட அனுமதி வாங்கணும். எதுக்குன்னு கேட்பார். ஏன் முன்னாடியே சொல்லலைன்னு கேட்பார். அவர் கத்த மாட்டார், அதுதான் என்னால தாங்க முடியாது. கண்ணாடியைக் கழட்டிட்டு சும்மா பார்ப்பார். இந்த வாரம் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம்னு திருப்பூர் வேலைக்குப் போயிட்டேன். அங்க மூணு ரேக். அதிலே மறந்தும் போயிட்டேன்.

இல்லை, மறக்கலை.

போன மாசம் செவ்வாய்க்கிழமை. ஒண்ணாம் ஸ்விட்சுக்குள்ள இருக்கிற மென்பொருள் பழசாயிடுச்சு, புதுசு ஏத்தணும்னு நெல்லையப்பன் சார் நாள் குறிச்சார். மத்தியானம் ரெண்டு மணி. ஆஸ்பத்திரி நடந்துக்கிட்டு இருக்கும்போதே. "நிக்காதா?"ன்னு மேனேஜ்மென்ட்ல கேட்டிருக்காங்க. "ஒரு நொடி நிக்காது, ரெண்டு வழி இருக்கு, என் பொறுப்பு"ன்னு எழுதியே கொடுத்திருக்கார். கேபிள் கம்பெனியிலிருந்தும் ஒரு ஆள் கூட நிக்கணும்னு கேட்டார். கந்தவேல் அண்ணன் என்னை அனுப்பினார்.

நான் முன்னாடியே போய் கேபிளை மாத்திடலாம்னுதான் ஒரு மணிக்கே போனேன். நிஜமா. பையில் கேபிள் இருந்தது. போனா அந்த மனுஷன் பன்னெண்டு மணியிலிருந்தே ரேக் முன்னாடி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கார். தயிர்சாத டப்பாவை மடியில் வச்சுக்கிட்டு. "சாப்டியா பிள்ள? மாவடு இருக்கு"ன்னு நீட்டினார். நான் வேண்டாம்னேன். பாத்ரூமுக்காவது எழுந்து போவார்னு ஒரு மணி நேரம் காத்திருந்தேன். போகலை.

ரெண்டு மணிக்குக் கையைத் துடைச்சுட்டு, "ஆரம்பிக்கலாமா?"ன்னார்.

வேண்டாம்னு ஒரு வார்த்தை போதும். காரணம்கூட சொல்ல வேண்டாம், வயித்து வலின்னாக்கூட நிறுத்தியிருப்பார். நான் தலையை ஆட்டினேன்.

ஒண்ணாம் ஸ்விட்ச் நின்னது. திரையில் பச்சை எல்லாம் போச்சு. ஒண்ணு ஒண்ணா இல்லை, மொத்தமா. நெல்லையப்பன் சார் முகம் எப்படி இருந்தது தெரியுங்களா? பயப்படலை. ஏதோ கணக்குப் போடுற மாதிரி இருந்தது. "வராதே"ன்னார். அவருக்குள்ளேயே. "இது இப்படி வராதே." அதுக்குள்ள மேலிருந்து போன். ஸ்கேன் வரலை, பில் வரலை, ஆபரேஷன் தியேட்டரில் ரிப்போர்ட் வரலை. ஸ்விட்ச் திரும்ப எழுந்திரிக்க அரை மணி நேரம் ஆகும், பாதியில் நிறுத்தவும் முடியாது. அவர் மாடிக்கு ஓடினார். போகிறப்ப கதவைப் பிடிச்சுக்கிட்டு, "ஒண்ணையும் தொடாதே பிள்ள. நான் வந்து பார்க்கணும்"னு சொல்லிட்டுப் போனார்.

என்னங்கம்மா? நீங்க அன்னிக்கு இங்கதான் இருந்தீங்களா? செவ்வாய்க்கிழமையா?

ஓ.

பழைய படம் திறக்கலைன்னு உங்க வீட்டுக்காரருக்குத் திரும்ப மருந்து ஏத்தி ஸ்கேன் எடுத்தாங்களா? வாந்தி எடுத்தாரா? அந்த மருந்து சில பேருக்கு அப்படித்தான் ஆகும்னு சொல்லுவாங்க. இப்ப நல்லா இருக்காரா? சரி. சரிங்க.

தண்ணி வேணுமா? இல்லை, எனக்குத்தான் வேணும்.

நான் தொட்டேன். அவர் காலடிச் சத்தம் அடங்கினதும் பையிலிருந்து அஞ்சு மீட்டரை எடுத்தேன். ரேக் மேல ஏறி, தட்டு வழியா விட்டு, அந்தப் பக்கம் இறக்கி, ரெண்டாம் ஸ்விட்சில் சொருகினேன். ரெண்டு கேபிள். இவ்வளவு வேகமா நான் வேலை பார்த்ததே இல்லை. மூணு மீட்டரைச் சுருட்டிப் பையில் போட்டேன். லேபிளைப் பிச்சு புதுசில் ஒட்டினேன். நடுவில் ஒரு தடவை கோணலா ஒட்டிட்டு, எடுத்துத் திரும்ப நேரா ஒட்டினேன். அந்த நேரத்திலும்!

சொருகினதும் கொஞ்ச நேரத்தில் பச்சை வந்திடுச்சு. அவர் ஓடிவந்து பார்த்தா எல்லாம் வேலை செய்யுது. ரேக் பின்னாடி போனார். குனிஞ்சு பார்த்தார். டிராயிங்கை விரிச்சு வச்சுப் பார்த்தார். ரெண்டும் ஒண்ணா இருந்தது. "நீ ஏதும் தொட்டியா?" "இல்லை சார்." என் நெத்தியெல்லாம் தூசி. அதைப் பார்த்தார்.

மொத்தம் இருபத்திமூணு நிமிஷம். அதுக்குத்தான் விசாரணை. கேபிள் சரியா இருக்கு, டிராயிங் சரியா இருக்கு, அப்ப அவர்தான் ஏதோ தப்பாத் தட்டியிருக்கார்னு பேச்சு. பத்தொன்பது வருஷம் இங்க வேலை பார்த்திருக்கார். மகள் காலேஜ் ரெண்டாம் வருஷம்னு யாரோ சொன்னாங்க. அது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம்.

நேத்து கந்தவேல் அண்ணன் என்னை உட்கார வச்சு சொன்னார். "பாப்பா, டிராயிங்படி இருந்ததுங்கிறதுக்கு மேல ஒரு எழுத்து பேசாதே. இந்த ஆஸ்பத்திரி போனா நம்ம பசங்க ஒன்பது பேரும் வீட்டுக்குப் போகணும்." சரிதானே? ஒன்பது பேர். நான் ஸ்கூலில் ஒரு டீச்சர் சொல்லிக் கேட்டதில்லை, எங்கம்மா சொல்லிக் கேட்டதில்லை. இதைக் கேட்டேன் பாருங்க.

இன்னிக்குக் காலையில் நாலாவது மாடி வராண்டாவில் நெல்லையப்பன் சார் தனியா உட்கார்ந்திருந்தார். நான் தள்ளிப்போய் நின்னேன். அவரே எழுந்து வந்தார். கையில் ஒரு தாள். ஸ்விட்ச் தானாவே எழுதி வைக்கிற பதிவு. எந்த ஓட்டையில் எப்போ கேபிளுக்கு உயிர் வந்ததுன்னு நொடி சுத்தமா இருக்கும். அதில் ரெண்டு வரியில் பேனாவால் கோடு போட்டிருந்தார்.

"ரெண்டாம் ஸ்விட்சுல, நீ மாட்டுன அந்த ரெண்டு ஓட்டை. நாலு மாசமா செத்துக் கிடந்து அன்னைக்கு ரெண்டு இருபத்தி ஒண்ணுக்குத்தான் உசுரு வந்திருக்கு. நான் அப்போ மாடியில் நின்னேன்."

"அப்ப இதைக் காட்டுங்களேன் சார்"னு கேட்டேன். அவ்வளவு திமிர் எனக்கு.

"காட்டினேன் பிள்ள. போன வாரமே காட்டினேன். அவங்களுக்கு இது வெறும் எழுத்து. நீங்க பழுது பார்த்த பிறகு எல்லாம் அப்படித்தானே காட்டும்னு எங்கிட்ட சொல்றாங்க. நாலு மாசமா செத்துக் கிடந்ததை நீங்க பார்த்திருக்க வேண்டாமான்னும் கேக்கறாங்க. அது நியாயம். திரையில பச்சையைப் பார்த்துட்டு இருந்தேன், அது என் தப்பு. பார்க்காம கையெழுத்துப் போட்டதும் என் தப்பு. ரெண்டையும் நானே சொல்லிக்கிடுதேன். கேபிள் இடம் மாத்திச் சொருகியிருந்ததுன்னு நீ வாயால ஒரு தடவை சொன்னாப் போதும். யாரு மாத்துனான்னுகூட வேண்டாம்."

திட்டியிருக்கலாம். கண்ணாடியைக் கழட்டிட்டுப் பார்த்தார், அவ்வளவுதான்.

உள்ளே மூணு பேர். "கேபிள் எப்படி இருந்தது?"ன்னு கேட்டாங்க. "டிராயிங்படிதான் இருந்தது சார்." என் குரல் மாதிரியே இல்லை, ரொம்ப மரியாதையா இருந்தது. அதில் ஒருத்தர், "சின்னப் பொண்ணு, தெளிவாப் பேசுது"ன்னார். வெளிய வந்தேன். என்னைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிஞ்சு போச்சு. தாளை நாலா மடிச்சுப் பையில் வச்சுக்கிட்டு உள்ளே போகத் திரும்பினார். கதவைத் திறந்தவர் நின்னார்.

"இங்கனயே உட்காரு. எங்கயும் போயிடாதே. உன்னை இன்னொரு தடவை கூப்பிடச் சொல்லிக் கேக்கப் போறேன். அப்பவும் சொல்லலாம். ஒண்ணும் கெட்டுப் போயிடலை."

கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்ததுங்கம்மா. காலி நாற்காலிதான். உட்காரு, எங்கயும் போயிடாதேன்னார். நான் இங்க வந்து உட்கார்ந்திருக்கேன்.